ஒரு கிரேனுக்கு ஒரு கை

அவர் கை காட்டினால் பஸ் நிற்கும். நான் காட்டினால் நிற்காது. இத்தனைக்கும் ஒரே தெருமுனை, ஒரே பஸ், பாதி நாள் ஒரே டிரைவர்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எங்கள் தெரு வந்து முட்டுகிற இடத்தில் ஸ்டாப் கிடையாது. ஸ்டாப்தான் வேண்டுமென்றால் தேரடிவரை நடக்க வேண்டும். வேலைக்குப் போக ஆரம்பித்த புதிதில், கைப்பையும் டிபன் டப்பாவுமாக அங்கே நின்று நான் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டுவேன். டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அப்போது பின்னால் சாவகாசமாக வந்து நிற்பார் எதிர்வீட்டு மாமா. முழங்கையை மடித்து, விரல்களை மூடி, தோள் உயரத்துக்கு ஒரு முஷ்டி. அவ்வளவுதான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உறுமிக்கொண்டு வந்த பஸ் அவர் காலடியில் நிற்கும்.

“ஆட்டக்கூடாது பாப்பா. ஆட்டுனா டாட்டா காட்றன்னு நெனச்சிகினு பூடுவான். காட்டணும்” என்பார்.

அவருடைய பிழைப்பே கை காட்டுவதுதான். துறைமுகத்தில் சரக்குக் கப்பலின் மேல்தட்டு ஓரத்தில் நின்று கிரேன் ஓட்டுகிறவருக்குக் கை காட்டுவார். கிரேன் கூண்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. உள்ளே மூட்டை கட்டுகிறவர்களுக்கு மேலே தொங்கும் கொக்கி தெரியாது. இரண்டையும் பார்க்கிற ஒரே ஆள் இவர். ஆள்காட்டி விரலை நிமிர்த்திச் சுழற்றினால், தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மெல்ல அசைத்தால், இறக்கு. முஷ்டி என்றால், நிறுத்து. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே வைத்தால், வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். என் அப்பாவுக்கும் அதே துறைமுகத்தில்தான் வேலை, குமாஸ்தா. இவர் கைக்குக் கீழே ஒரு மூட்டைகூட விழுந்ததில்லை என்று அப்பா சொல்வார். அப்பா யாரையும் லேசில் புகழ்கிறவர் இல்லை.

அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, ஒரு கிரேனுக்கு ஒரு கை, அதாவது ஒரே ஆளுடைய கை. ரெண்டு கை காட்னா கீழ கீறவன் செத்தான் என்பார். இரண்டாவது, கை நடுங்கினால் காட்டக்கூடாது. ஒருநாள் ஜுரத்தோடு வேலைக்குப் போயிருக்கிறார். முதல் மூட்டை எழும்பும்போதே விரல் லேசாக உதறியிருக்கிறது. உடனே முஷ்டியை மூடிக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார். மேஸ்திரி கத்தினார், ஆபீசர் கத்தினார். மாற்று ஆள் வரும்வரை அரை நாள் கிரேன் அப்படியே நின்றது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதை மடித்து அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். வாய் ஆயிரம் பொய் சொல்லும், கை சொல்லக்கூடாது என்பது அவர் கட்சி.

வீட்டிலும் அதே கைதான். எங்கள் மாடிக்கு முதல்முதலாக ஃபிரிஜ் வாங்கியபோது அது படிக்கட்டில் திரும்ப மறுத்தது. வண்ணாரப்பேட்டைக் கடையிலிருந்து கொண்டுவந்த ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள். அம்மா, திருப்பி அனுப்பிவிடலாம், நமக்கு ராசியில்லை என்று புலம்ப ஆரம்பித்துவிட்டாள். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். மொட்டைமாடியில் நான்கு பேரை நிறுத்தி, கயிறு கட்டி, ஃபிரிஜை வெளிப்பக்கமாகத் தூக்கவைத்தார். அவர் ஒரு விரலால்கூட அதைத் தொடவில்லை. நடுத்தெருவில் அண்ணாந்து நின்று கையை மட்டும் காட்டினார். தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஃபிரிஜ் ஒரு தடவைகூடச் சுவரில் இடிக்காமல் எங்கள் பால்கனிக்குள் போய் உட்கார்ந்தது. கைகளை மார்புக்குக் குறுக்கே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்தக் கை பாஷையை நன்றாகப் படித்திருந்தவள் இன்னொருத்தி உண்டு. அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள். அத்தைக்கு வீசிங், மூச்சு மருந்து அடிக்கிற பம்பு எப்போதும் பக்கத்தில் இருக்கும். எங்கள் பகுதியில் அது வீட்டுக்கு ஒன்று இருக்கும். மணலி ஆலைகள் பக்கமிருந்து ஒரு நாற்றம், எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல். காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்தால் அது வேறு நிறம். மூச்சு இழுக்கும்போது அத்தையால் பேச முடியாது. ஆரம்பத்தில், என்ன வேணும், தண்ணியா, பம்பா என்று மாமா பதறிப் பதறிக் கேட்பாராம். அவள் பதில் சொல்வதற்குள் இருக்கிற மூச்சும் போய்விடும். அப்புறம் அவளாகவே அவருடைய கையை எடுத்துக்கொண்டாள். விரலைச் சுழற்றினால் இழுப்பு ஏறுகிறது, பம்பைக் கொடு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறங்குகிறது, பயப்படாதே. முஷ்டி என்றால் போதும், பேசாதே, சும்மா இரு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாலை நேரத்தில் வாசற்படியில் இருவரும் உட்கார்ந்து பேச்சே இல்லாமல் கையால் பேசிக்கொண்டிருப்பதை எங்கள் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு ஊமைகள் என்றுதான் தோன்றும். நடுநடுவே அத்தை சிரிப்பாள்.

புயல் என்றால் மாமாவுக்குக் கொண்டாட்டம். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய புயல் வருகிறதென்றால் துறைமுகத்துக்குள் கட்டியிருக்கும் கப்பல்களை அவிழ்த்து வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்ளே இருந்தால் அலையில் கரையோடு மோதி உடைந்துவிடும். அதனால் எல்லாக் கப்பலும் நடுக்கடலுக்குப் போய்த் தன் பாட்டைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரேன்களையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டு, ஆட்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மாமா மழையில் நனைந்தபடி கையில் ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜியோடு தெருவுக்குள் நுழைவார்.

“அல்லாத்தையும் வெளிய தொரத்தி வுட்டாச்சு. ரெண்டு நாளிக்கி லீவு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பார்.

ஒருமுறை நான் அங்கே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது அத்தை கேட்டாள், அந்தக் கப்பலில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று. அவர் சட்னியில் தோய்த்துக்கொண்டே, அவுங்கல்லாம் கடல்காரங்க மே, அவுங்களுக்குத் தெரியும் என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. நான் அடுத்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டேன்.

அந்தமான் என்று வாயைத் திறந்தது நான்தான். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு வெளியூர் போய்வர டிக்கெட் செலவைக் கொடுப்பார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் எங்களைக் கன்னியாகுமரிக்குத்தான் இட்டுக்கொண்டு போவார். மூன்றாவது தடவை அதே பாறையைப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. அந்தச் சமயம் டாக்டர் அத்தையிடம், கொஞ்ச நாள் இந்தப் புகையை விட்டுத் தள்ளியிருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார். கப்பலில் போகலாம், கடல் காற்று நுரையீரலைக் கழுவிவிடும் என்று நான் ஒரு வாரப் பத்திரிகையில் படித்ததை எடுத்துவிட்டேன். மாமா உடனே பிடித்துக்கொண்டார். இருபது வருடமாகக் கப்பல் மேலேயே நின்றவர், ஒரு கப்பல் நகர்ந்தபோது அதில் இருந்ததே இல்லை. அத்தைதான் தயங்கினாள். நான் இருக்கிறேன், அங்கே எல்லாம் நம்ம ஆட்கள்தான், நான் கை காட்டினால் கப்பல் நிற்கும் என்று அவர் சொன்னார். அதை நம்பித்தான் அவள் கிளம்பினாள். கார்த்திகை மாதத்தில் இரண்டு குடும்பத்துக்கும் டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. ஏன் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

போகும்போது மூன்று நாளும் கடல் எண்ணெய் தடவின மாதிரி கிடந்தது. அந்தமானில் அத்தை ஐந்து நாள் பம்பைத் தொடவே இல்லை. கடற்கரை மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை ஓடுவதைப் பார்த்து என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா தூரத்தில் நின்று விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார், இன்னும் வேகமாக என்று. நான் அவர்களை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஐந்து நாள்தான்.

திரும்புகிற அன்று ரேடியோவில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றார்கள். சென்னையில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாகவும் சொன்னார்கள். ஒண்ணாம் நம்பருக்கு எங்காளு குடைகூட எடுத்துகினு வரமாட்டான் என்று மாமா சிரித்தார். கப்பலும் கிளம்பியது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர் சொன்னால் நாங்கள் ஏன் மறுத்துப் பேசப்போகிறோம். அவருக்குத் தெரிந்த புயல், கரையில் நின்று பார்க்கிற புயல் என்பது எங்களுக்கு மட்டுமல்ல, அவருக்குமே தெரியாது.

இரண்டாம் நாள் காலையில் கப்பல் ஆட ஆரம்பித்தது. எங்களுக்குக் கிடைத்திருந்தது அடித்தட்டில் வரிசையாகக் கட்டில் போட்ட பெரிய ஹால். தண்ணீர் உள்ளே வந்துவிடக்கூடாதென்று வெளித்தட்டுக்குத் திறக்கும் கதவுகளையும் காற்று வரும் வழிகளையும் அடைத்துவிட்டார்கள். இருநூறு பேர் மூச்சு, டீசல் வாடை, மூலைக்கு மூலை வாந்தி. டம்ளர்களும் பெட்டிகளும் குழந்தைகளும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் உருண்டார்கள். அம்மா கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்து பாதியில் மறந்து திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். அத்தை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு அவள் விரல் மேலே சுழன்றது. மாமா பம்பை நீட்டினார். பதினொன்றுக்கு மறுபடி சுழன்றது. மதியத்துக்குப் பிறகு அந்த விரல் நிற்கவே இல்லை.

மாமா படியேறிப் போய் இரும்புக் கதவைத் தட்டினார். அந்தப் பக்கம் இருந்த ஆளிடம் கண்ணாடி வழியாகக் கை காட்டினார், திற, கொஞ்சம் திற என்று. அவன் தலையை ஆட்டிவிட்டான். திறந்தால் அடித்தட்டில் இருக்கும் அத்தனை பேர் கதியும் அதோகதிதான், அவன் செய்தது சரி. மாமாவுக்கும் அது சரியென்று தெரியும். தெரிந்துகொண்டே தட்டினார். அப்பாவும் நானும் அத்தையை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து, உள்வழியாக மேல்தட்டில் இருந்த மருத்துவ அறைக்குக் கொண்டு போய்ச் சேர்த்தோம். கப்பல் டாக்டர் சின்ன வயசுக்காரர், அவருக்கே குமட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். இரண்டு சிலிண்டர் இருக்கிறது, நாளை மாலை சென்னைக்குப் போய்விடுவோம், போதும் என்றார்.

மறுநாள் மாலை சென்னை தெரிந்தது. மழை கொஞ்சம் விட்டபோது மருத்துவ அறையின் வட்டக் கண்ணாடி வழியாக எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவற்றைப் பார்த்து அழுகையாக வந்தது அன்றுதான். கொஞ்சம் தள்ளி துறைமுகத்துக் கிரேன்கள். மாமா கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, தோ அதான், மூணாவது, அதான் என்னுது என்றார். பஸ்ஸில் போனால் வீட்டுக்குப் போய்விடுகிற தூரம். கப்பல் வேகத்தைக் குறைத்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, கரைக்கு முதுகைக் காட்டியது.

அதிகாரி ஒருவர் வந்து சொன்னார். பெரிய கூண்டு ஏற்றிவிட்டார்கள், துறைமுகத்தை மூடிவிட்டார்கள், உள்ளே இருந்த கப்பல்களையே வெளியே அனுப்பிவிட்டார்கள், புயல் கரையைக் கடக்கும்வரை நாம் வெளியேதான் நிற்க வேண்டும். அவர் ஆங்கிலத்தில் பேசினார், நான்தான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்தச் செய்தியை அவர் எத்தனை தடவை மிளகாய் பஜ்ஜியோடு எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

மாமா சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்தார். ஈரத்தில் அதன் ஓரம் பிரிந்திருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து அதிகாரி முன்னால் நீட்டினார்.

“சார், நான் போர்ட்டு ஸ்டாஃபு சார். அங்க கீறவன்லாம் என் ஆளு சார். ஒரு போட்டு மட்டும் வரச் சொல்லு சார். என் பேர சொல்லு, வருவாங்கோ.”

அதிகாரி அட்டையை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு முறை வயர்லெஸ்ஸில் கேட்டாகிவிட்டது என்றார். இந்த அலையில் எந்தப் படகும் கப்பலை ஒட்டி வர முடியாது, வந்தால் அதில் இருப்பவர்களும் சாவார்கள் என்றார். அட்டையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோரும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். டாக்டர் எவ்வளவு குறைத்து வைத்தும் சிலிண்டரின் முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

அடுத்த பகல் முழுக்கக் கப்பல் கரைக்கு எதிரே போவதும் வருவதுமாக இருந்தது. மாமா அந்த வட்டக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மழைத்திரை விலகிக் கிரேன்கள் தெரியும்போதெல்லாம் அவர் கை தோள் உயரத்துக்கு எழும்பும். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தேன், கரைக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். விரலைச் சுழற்றுவார், கவிழ்ப்பார், முஷ்டி பிடிப்பார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். மாமா, உட்காருங்கள் என்றேன். அவர் காதில் விழவில்லை.

அத்தை முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்று நின்று சொன்னாள்.

“கைய எறக்குயா. அங்க யாரும் இல்ல. புயல்னா உங்களுக்குத்தான் லீவாச்சே.”

அவள் குத்திக்காட்டினாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முகத்தில் கோபம் இல்லை. மாமாவின் கை இறங்கியது. வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். அவர் விரல்கள் உதறுவதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

புயல் அன்று இரவு எங்கோ வடக்கே கரையேறியது. விடிந்ததும் எங்களை உள்ளே விட்டார்கள். இரண்டாவது சிலிண்டரின் முள் கிட்டத்தட்டக் கீழே கிடந்தது. கப்பல் கரையைத் தொட்டபோது ஒரு புதுத் தொல்லை. இறங்கும் ஏணியை அலை முறுக்கிப் போட்டிருந்தது. மாற்று ஏணி வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். ஆம்புலன்ஸ் கீழே நிற்கிறது, அத்தை மேலே கிடக்கிறாள். டாக்டர் ஒரு மணி நேரமெல்லாம் முடியாது என்று கத்தினார். கரையில் இருந்த கிரேனில் மூட்டை இறக்கும் மரத்தட்டைக் கட்டி அனுப்பினார்கள். நான்கு மூலையிலும் கயிறு போட்ட ஒரு சதுரப் பலகை. அது மூன்றாம் எண் கிரேன். ஓட்டியவர் மாமாவோடு பல வருடம் வேலை செய்த கூட்டாளி.

அத்தையைப் பலகையில் படுக்கவைத்துக் கட்டினார்கள். சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள எடை குறைந்த ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். என்னை ஏற்றினார்கள். நான் மறுக்கவில்லை, அந்தமான் என்று வாயைத் திறந்தவள் நான்தானே. மாமா கப்பலின் மேல்தட்டு ஓரத்தில் போய் நின்றார், இருபது வருடமாக நின்ற அதே மாதிரி இடம். விரலை நிமிர்த்திச் சுழற்றினார். பலகை எழும்பியது. அத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்து சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கப்பலின் கம்பி வேலியைத் தாண்டி வெளியே வந்தோம். கீழே கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கறுத்த தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டிக் கரைக்கு நேர் மேலே வந்துவிட்டோம், இறக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது அவர் விரல் உதறியது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். உடனே கையை மூடினார், முஷ்டி. பலகை நின்றது.

அதற்குப் பிறகு அந்த முஷ்டி திறக்கவில்லை. கரையிலிருந்து மேஸ்திரி கையை ஆட்டினார். கப்பல் அதிகாரி விசில் ஊதினார். டாக்டர், என் அப்பா, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இறக்கு இறக்கு என்று ஆளுக்கொரு பக்கம் கை வீசினார்கள். கிரேன்காரர் யாரையும் பார்க்கவில்லை, மாமாவை மட்டுமே பார்த்தார். ஒரு கிரேனுக்கு ஒரு கை, அவர் படித்த பாடமும் அதுதான். மாமு, கை காட்டு மாமு என்று கூண்டிலிருந்து அவர் கத்தியது எனக்குக் கேட்டது. மாமா அசையவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வேதனை. காட்டினால் சட்டம் உடையும், காட்டாவிட்டால் அவள் செத்துப்போவாள், இரண்டும் அவருக்குத் தெரியும். பலகை காற்றில் மெல்லத் திரும்பியது. என் மடியில் இருந்த சிலிண்டரின் சத்தம் நின்றுபோனது. நான் அவரைப் பார்த்து என்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

போர்வைக்குள்ளிருந்து அத்தையின் கை வெளியே வந்தது. அவள் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்தாள். நான்கு விரலையும் மெல்ல, ஒரே சீராக அசைத்தாள். இறங்குகிறது, பயப்படாதே. வாசற்படியில் அவள் அவருக்குக் காட்டுகிற அதே கை.

கிரேன்காரருக்கு அந்த வாசற்படி பாஷை தெரியாது, அவருக்கு அது வெறும் ‘இறக்கு’. சுற்றிலும் ஆடிக்கொண்டிருந்த கைகளுக்கு நடுவே துறைமுகத்துக் கை அது ஒன்றுதான் என்று பிறகு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பலகை இறங்கியது. ஒரு மூலைகூடச் சாயாமல் தரையைத் தொட்டது. அத்தையின் கை தரை தட்டும்வரை நிற்கவில்லை.

அத்தை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தாள். மாமா கப்பல் மேல் போகவில்லை. எழுதிக் கொடுத்து, குடோனில் சாவி பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறிவிட்டார். கை எப்போதும் பாக்கெட்டுக்குள் இருக்கும். டாக்டரிடம் காட்டினார்கள், நரம்பில் ஒன்றும் இல்லை என்றார். புயல் வந்தால் அப்போதும் லீவு கிடைக்கத்தான் செய்தது. பஜ்ஜி வராது. மொட்டைமாடியில் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நிற்பார். அத்தை கீழேயிருந்து கூப்பிட்டால் வரமாட்டார். வெளியே அனுப்பிய கப்பல்கள் திரும்பி வந்துவிட்டதாகச் செய்தி வந்த பிறகுதான் சோறு. நான் ஒருமுறை குடையோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். எத்தினி பேர தொரத்திகீறோம் பாப்பா என்று மட்டும் சொன்னார். நான் குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

அவர்கள் பஸ்ஸுக்கு நின்றால் அத்தைதான் கை காட்டுவாள். முழங்கையை மடித்து, தோள் உயரத்துக்கு முஷ்டி. பஸ் நிற்கும்.

அத்தை போன பிறகு ஒருநாள் காலையில் அவரை அந்தத் தெருமுனையில் பார்த்தேன். நான் அதற்குள் கல்யாணமாகி வேறு பக்கம் போய்விட்டிருந்தேன், அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். சாலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கை பாக்கெட்டுக்குள். பஸ் வந்தது. பழைய டிரைவர்தான் போலிருக்கிறது, அவரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். கிட்டத்தட்ட நடக்கிற வேகத்துக்கு வந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்தக் கைக்காகக் காத்திருந்தார். மாமா பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பஸ் வேகம் பிடித்தது.

நான் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினேன். ஆட்டவில்லை, அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே காட்டினேன். பஸ் நிற்கவில்லை.